ஜெட் ஸ்கீ உரிமம்: தேர்வைத் தண்ணீரில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணப்பாடு, உவரி கடற்கரைகளில் நீர் விளையாட்டு வர வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. வரட்டும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். ஆனால் முதல் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) கடலில் இறங்குவதற்கு முன்பே ஓட்டுபவருக்கு உரிமமும் கரையில் கண்காணிப்பும் வந்துவிட வேண்டும்.

பைக் ஓட்டத் தெரிந்தவன் இதையும் ஓட்டிவிடுவான் என்ற நினைப்புதான் பெரிய ஆபத்து. ஹேண்டில்பார், ஆக்ஸிலேட்டர் எல்லாம் பைக் மாதிரியே இருக்கும். ஆனால் அடியில் சுக்கான் கிடையாது. வயிற்றுப் பக்கத்துக் கம்பிச் சட்டம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியான இம்பெல்லர் பின்னால் பீய்ச்சுகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் திரும்புவது அந்தப் பீய்ச்சுகிற குழாய்தான். எதிரே ஆளைக் கண்டதும் பதறி ஆக்ஸிலேட்டரை விட்டால் பீய்ச்சல் நின்றுவிடும். அதன்பின் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். 60 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு சுமார் 17 மீட்டர். 50 மீட்டர் தள்ளிக் குளிப்பவரை எட்ட மூன்று வினாடி போதும். புது மாடல்கள் சிலவற்றில் பிரேக் உண்டு, வாடகைக்கு வரும் பழைய வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் எழுத்துத் தேர்வு மட்டும் வைத்து உரிமம் கொடுக்கக் கூடாது. மிதவையை நோக்கி வரச் சொல்லி, ஆக்ஸிலேட்டரை விடாமல் ஒடித்து விலகுகிறாரா என்று பார்க்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்ற கடல் வழக்கம் கைக்குப் பழகியிருக்க வேண்டும். கவிழ்ந்த வண்டியைப் பின்புறம் ஒட்டியிருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில் புரட்டி நிமிர்த்த வேண்டும்; மாற்றிப் புரட்டினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். வயது 16-க்குக் குறைந்தவர் கையில் ஹேண்டிலைக் கொடுக்கவே கூடாது. பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் விசைப்படகு ஓட்டவும் உயிர்காக்கவும் கற்றுத் தருகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம்.

அடுத்தது கில் சுவிட்ச் கயிறு. சுருள் கயிற்றின் ஒரு முனை சுவிட்சில், மறு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு உருவி இன்ஜின் நின்றுவிடும். அதை ஹேண்டிலிலேயே சுற்றி வைத்தால், விழுந்தவரை விட்டுவிட்டு வண்டி தன்பாட்டுக்கு ஓடும். கடலோரப் போலீசார் இந்த ஒன்றைச் சோதித்தாலே பாதி வேலை முடிந்தது: கயிற்றை உருவுங்கள், இன்ஜின் உடனே நிற்கிறதா பாருங்கள். நிற்காத வண்டியை அன்றைக்கே கரையேற்றிவிட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் நுரை வைத்ததாக இருக்கட்டும். காற்றடைக்கும் வகை இந்த வேகத்துக்கு ஆகாது. மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. துப்பட்டா, சேலை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் மூன்றையும் உறிஞ்சும் துவாரம் இழுத்துவிடும். பின்னால் உட்கார்ந்தவர் சறுக்கி விழுந்தால் பீய்ச்சும் நீரின் வேகம் உடம்புத் துவாரங்களுக்குள் பாய்ந்து குடலையே கிழிக்கக்கூடும். சாதாரணத் துணி அதைத் தடுக்காது, ரப்பர் நீச்சல் கால்சட்டை வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு பலகையில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

இடுப்பளவு ஆழத்துக்குக் குறைவாக ஸ்டார்ட் செய்தால் மணலை உறிஞ்சி இம்பெல்லரும் அதைச் சுற்றிய வளையமும் தேயும். தேய்ந்தால் பீய்ச்சல் குறையும், திருப்பமும் குறையும். பெட்ரோல் ஊற்றியதும் சீட்டைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விட வேண்டும். பின்புற வடிகால் மூடிகளை மாட்ட மறந்தால் வண்டி மெல்ல மெல்ல முழுகும்.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் சாலையோடு சரி. மீன்வளத் துறை பதிவது மீன்பிடிக் கலங்களை. 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் ஆறு, நீர்த்தேக்கம் போன்ற உள்நாட்டு நீர்வழிகளுக்கானது. திறந்த கடலில் ஓடும் வாடகை ஜெட் ஸ்கீக்கு யார் பொறுப்பு என்பதை மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணையில் தெளிவாக எழுத வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பதை ஊர்க் கமிட்டியைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. கரைவலை இழுக்கும் இடமும் பார் (கடலடிப் பாறை) ஓரத்தில் சிங்கி இறால் வலை கிடக்கும் இடமும் அவர்களுக்குத்தான் தெரியும். இம்பெல்லரில் வலைக்கயிறு சிக்கினால் நடுக்கடலில் வண்டி நிற்கும், மீனவருக்கு வலையும் போகும். அந்த நஷ்டத்துக்கு வண்டியை வாடகைக்கு விடுபவர் முன்பணம் கட்டி வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று காலத்தில் ஓட்டமே வேண்டாம். காற்றே இல்லாமல் திடீரென அலை ஏறும் கள்ளக்கடலுக்கு இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் மையம்) எச்சரிக்கை வரும் நாளிலும் அப்படித்தான். இறங்கும் கரையில் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எழுதும் நோட்டும், தயாராக நிற்கும் ஒரு மீட்பு வள்ளமும், கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554 எழுதிய பலகையும் இல்லாத இடத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
கடற்கரைப் படகோட்டிகள், படகு மெக்கானிக்குகள் சிலர்,
உவரி – மணப்பாடு வட்டாரம்.