54 வோல்ட்டை நம்பாதீர்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரக் கோயில் அறங்காவலர்களுக்கும் திருமண மண்டபக் குழுவினருக்கும் வணக்கம்.

2022, 2023இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆட்டிப்படைத்தபோது இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்தீர்கள். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் தென்னாப்பிரிக்க மின்நிறுவனமான எஸ்காம் அப்படி வெட்டவேயில்லை. பேட்டரிகள் சரக்கறையில் சும்மா கிடக்கின்றன. சிக்கலே அதில்தான். தினமும் ஓடிய காலத்தில் பழுது அன்றிரவே தெரிந்தது. இப்போது காவடியன்று தெருக் கேபிள் போய் மண்டபம் இருண்டால்தான் தெரியும்.

இன்வெர்ட்டர் திரையில் 54 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நலம்தானே என்பீர்கள். அது 12 வோல்ட் ஜெல் பேட்டரிகள் (ஈய-அமில வகை) நான்கைத் தொடராகக் கோத்த வரிசை. மூன்று 13.8இலும் ஒன்று 12.6இலும் இருந்தாலும் கூட்டினால் அதே 54தான். நலிந்த ஒன்று முழுச் சார்ஜ் ஏறாமல் தகட்டில் சல்பேட் படிந்து கெடும்; மற்ற மூன்றும் கூடுதல் வோல்ட்டேஜில் உள்ளே வறண்டுபோகும். ஒன்றில் தொடங்கிய நோய் நான்கையும் தின்னும்.

ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி வோல்ட்டேஜ் சென்சார் வேண்டும். முனையை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உரசிய மெல்லிய கம்பி தீத்திரியாகிவிடும். எல்லாச் சென்சாருக்கும் ஒரே கிரவுண்ட் (பொதுவான நெகட்டிவ் இணைப்பு) வைத்த மலிவுப் பலகை வேண்டவே வேண்டாம். தொடர் வரிசையில் ஒவ்வொரு நெகட்டிவ் முனையும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கிறது. அவற்றை ஒன்றாகக் கட்டினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். மின்தொடர்பு பிரிக்கப்பட்ட ஆர்எஸ்-485 மாட்யூல் (கம்பி வழியே அளவுகளை அனுப்பும் சாதனம்) என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ளோட் சார்ஜில், அதாவது முழுச் சார்ஜைத் தக்கவைக்கும் நிலையில், ஒரு பேட்டரி மற்றவற்றின் சராசரியிலிருந்து ஒரு நாள் முழுக்க 0.3 வோல்ட் விலகி நின்றால் எச்சரிக்கை வரட்டும்.

வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பயனில்லை, பேட்டரியின் உடம்பிலேயே ஒட்ட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரைச் சரக்கறையில் டர்பனின் பிப்ரவரிக் கோடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியில் செய்தி வரும்படி வையுங்கள். (பல்லியும் எறும்பும் இன்வெர்ட்டருக்குள் புகாமல் காற்றுத் துளைக்கு வலை போடுவது தனிச் செலவு, ஆனால் போடுங்கள்.)

லித்தியம் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அதன் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியை மேற்பார்க்கும் மின்பலகை) ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகத் தரும் கணக்கைப் படிக்க வேண்டும், அல்லது நெகட்டிவ் பக்கம் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து மின்னோட்டத்தை எண்ண வேண்டும். எல்லா நெகட்டிவ் கம்பியும் ஷன்ட்டைத் தாண்டித்தான் சேரலாம். கேமரா மாட்ட வந்தவர் நேரே பேட்டரி முனையிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிட்டால் கணக்கு நாளுக்கு நாள் பிசகும்.

சென்சார் அளவுகளை உங்கள் போனுக்கு அனுப்பும் பெட்டியும் ரௌட்டரும் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தில் ஓடட்டும். இன்வெர்ட்டரோடு சேராத சுவர் பிளக்கில் செருகினால் கரண்ட் போன நொடியே கண்காணிப்பும் போய்விடும். நீண்ட மின்தடையில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். பெட்டி அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு போதும். கரண்ட் போனதும் 10 நொடிக்கு ஒன்று. இதையெல்லாம்விட முக்கியம்: ஒரு மணி நேரம் பெட்டி வாய் திறக்காவிட்டால் அதுவே எச்சரிக்கையாக வேண்டும். ப்ரீபெய்ட் டேட்டா காலாவதியாகி அமைதியான பெட்டியை ‘எல்லாம் நலம்’ என்று எண்ணிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

சென்சார் எவ்வளவு இருந்தாலும் சோதனைக்கு ஈடில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை மெயினை அணைத்து, தெரிந்த சுமையில் 30 நிமிடம் ஓட்டி வோல்ட்டேஜ் இறங்கும் கோட்டை முந்தையதோடு ஒப்பிடுங்கள். கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுங்கள். நான்கில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது பணத்தை வீணாக்கும். பழையவை புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

புரட்டாசிக்கு முன் கூடும் குழுக்கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் போடுங்கள். எச்சரிக்கை யார் போனுக்குப் போக வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். தலைவர், செயலாளர் எண் மட்டும் போதாது, சரக்கறைச் சாவி வைத்திருப்பவர் எண்ணும் வேண்டும்.

இப்படிக்கு,
பேட்டரி வேலை தெரிந்த சிலர்