கதிர் வைத்த அம்மாவுக்கு

டிசம்பர் 26, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஏழு நாள் பண்டிகையான குவான்சாவின் முதல் நாள். டெட்ராய்ட்டில் கொட்டிய பனியில் பஸ் வரவே இல்லை. சமூகக் கூடத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தபோது என் மகளின் கைகள் விறைத்திருந்தன, அழுதுகொண்டிருந்தாள். உட்கார இடமும் இல்லை.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை, அம்மா. எழுந்து இடம் தந்தீர்கள். உங்கள் சால்வையை அவள்மேல் போர்த்தினீர்கள். கினாரா என்ற மெழுகுவத்தித் தாங்கியின் நடுவில் கறுப்பு மெழுகுவத்தியை ஏற்றியபோது, ‘உமோஜா, ஒற்றுமை’ என்று அவள் காதில் சொன்னீர்கள். வீட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மக்காச்சோளக் கதிர் வைப்பார்களாமே! பாயில் என் மகளுக்காகவும் ஒன்றை வைத்தீர்கள். அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

விழா முடியுமுன் போய்விட்டீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஜனவரி 1 வரை தினமும் மாலை அங்கே வருவோம், அம்மா.