எட்டுப் பேர் மேல் உனக்குள்ள கோபம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். 2025 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கும் மசோதா தோற்றதும், "பார்த்தீர்களாப்பா, அந்த எட்டுப் பேர் வாங்கி வந்த லட்சணத்தை" என்றாய். மானியத்துக்காக நிதி ஒப்புதலை மறித்து நின்ற ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து விலகி, நவம்பரில் ஆளும் குடியரசுக் கட்சியோடு உடன்பாடு செய்து அலுவலகங்களைத் திறக்க ஓட்டுப் போட்ட எட்டு செனட்டர்களைத்தான் சொல்கிறாய். கேட்க வேண்டியதுதான். நிதி ஒப்புதல் இல்லாமல் 43 நாள் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்து, மானியத்துக்காகக் கிடைத்தது "ஓட்டெடுப்பு நடத்துகிறோம்" என்ற ஒரு வாக்குறுதி. மசோதா நகரத் தேவையான 60 ஓட்டு செனட்டில் தேறாது என்று அவர்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

உங்கள் வர்ஜீனியாவையே எடுத்துக்கொள். செனட்டர்கள் இருவரும் ஜனநாயகக் கட்சி. மார்க் வார்னர் அந்த உடன்பாட்டை எதிர்த்து ஓட்டுப் போட்டார், டிம் கெய்ன் ஆதரித்துப் போட்டார். கெய்னைத் துரோகி என்கிறாய். அந்த உடன்பாட்டில் என்ன இருந்தது என்று பார். மூடல் காலத்தில் அனுப்பிய பணிநீக்க நோட்டீஸ்கள் ரத்து. 2026 ஜனவரி 30 வரை புதிதாக அப்படி அனுப்பக் கூடாது. ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம். உணவு உதவித் திட்டத்துக்கு 2026 செப்டம்பர் வரை நிதி. அப்போது அந்த உதவியை நம்பி ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் இருந்தார்கள். நவம்பர் பிறந்ததும் அவர்கள் கார்டில் பணம் ஏறவில்லை. நான் கருவூலத்தில் குப்பை கொட்டியவன். சம்பளப் பட்டியல் பாஸாகாத மாதம் கவுன்ட்டரில் வந்து நிற்பவர்களின் முகம் எனக்குத் தெரியும். செனட்டர்களுக்கு மூடல் நடந்தாலும் சம்பளம் நிற்பதில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் விறைப்பாக இருக்கலாம்.

விறைத்து நின்று என்ன சாதித்தார்கள்? 2018 டிசம்பரில் டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார், 35 நாள் மூடிக் கிடந்தது. செனட் குழு ஒன்று அதற்கு முன்பே 160 கோடிக்குத் தலையாட்டியிருந்தது. பிப்ரவரியில் கடைசியாகக் காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், கொடுத்தது 137.5 கோடி! (அப்புறம் அவசரநிலை என்று அறிவித்து வேறு வழியில் எடுக்கப் போனார், அது தனிக் கதை.) 2013-இல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் கூட்டம், ஒபாமா கேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தப் போனது. 16 நாளில் அலுவலகங்கள் திறந்தன, ஒபாமா கேரும் அப்படியே இருந்தது.

இங்கே இந்தியாவில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். தாமதமானால் வோட் ஆன் அக்கவுண்ட் என்ற இடைக்காலச் செலவு அனுமதி வாங்கிச் சம்பளத்தை ஓட்டிவிடுவோம். அங்கே ஜனாதிபதி நாற்காலியும் ஆடாது, காங்கிரஸும் கலையாது, எல்லாம் ஊழியன் தலையில் விடிகிறது. இதுவும் ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. 1980-இல் அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி ஒரு பழைய சட்டத்துக்குக் கொடுத்த கறாரான விளக்கத்துக்கு முன், நிதி ஒப்புதல் தாமதமானாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மானியம் போனது பெரிய அடி, உன் கோபம் நியாயம். ஆனால் அது போக வேண்டிய இடம் டிசம்பரில் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டவர்கள். திறக்கச் சொன்னவர்களைத் திட்டுவதில் அவர்களுக்குத்தான் லாபம்.

சரி, வீட்டு விஷயம். அந்த உடன்பாட்டில் கிடைத்த தற்காலிக நிதி 2026 ஜனவரி 30-உடன் முடிந்தது. 2025 அக்டோபரில் மாப்பிள்ளையின் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) வேலை நின்றுபோனது போல மறுபடி எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். அதற்கு முன்பே போடக்கூடிய பேப்பர் இருந்தால் போட்டுவிடச் சொல்லி வக்கீலிடம் பேசு. அம்மா இட்லிப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா