தண்ணீர் வடிகட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கான வடிகட்டிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள், வீடு தேடி வந்து விளக்கிக் காட்டுபவர்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் தொழிலை நான் மதிக்கிறேன். தண்ணீர் சரியில்லாத வீட்டில் நீங்கள் மாட்டிவிட்டுப் போகும் பெட்டி பிள்ளைகளின் வயிற்றைக் காப்பாற்றுகிறது. அந்த மதிப்பு இருப்பதால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

முதலில், அந்த இரண்டு டம்ளர் வித்தையை நிறுத்துங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீரும் (நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி, கரைந்த உப்பையும் பிரித்தெடுத்த தண்ணீர்) ஊற்றி, மின்கம்பிகளை இறக்கினார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது, மற்றது தெளிவாகவே நின்றது. "பாருங்கம்மா, இதைத்தான் இத்தனை நாளா குடிக்கிறீங்க" என்றார். அம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் அந்தக் கசடு தண்ணீரில் இருந்தது இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வெளிவருகிறது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்ஓ உப்பை எடுத்துவிடுவதால் அங்கே பாயவில்லை, அவ்வளவுதான். தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் கலங்கியிருக்கும்.

டிடிஎஸ் மீட்டரும் இப்படித்தான். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவை அது கணிக்கிறது. கிருமி அதற்குத் தெரியாது. நஞ்சான ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அது பத்து மடங்கு கூடினாலும் மீட்டரில் எண் அசையாது. அந்த எண்ணைக் காட்டி இந்தத் தண்ணீர் நல்லது, அது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது தவறு.

அப்புறம், உங்கள் பெட்டி எதை நீக்காது என்பதையும் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். கரி வடிகட்டி குளோரின் வாடையையும் சில ரசாயனங்களையும் பிடித்துக்கொள்ளும். உப்பும் நைட்ரேட்டும் அதில் நிற்காது. மாற்றாமல் விட்டால் பிடித்துவைத்த அழுக்கிலேயே பாக்டீரியா வளரும். யூஎஃப் எனப்படும் நுண்துளைச் சவ்வில் பாக்டீரியா நின்றுவிடும், கரைந்தவை போய்விடும். புறஊதா விளக்கு கிருமிகளின் மரபணுவைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது. ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி உள்ளே போகாது. எனக்குப் பெரிய கவலை இந்த விளக்கைப் பற்றித்தான். ஓராண்டு போல ஓடிய பிறகும் அது நீலமாக எரிந்துகொண்டே இருக்கும். கிருமியைச் செயலிழக்கச் செய்யும் வலு குறைந்துபோனது பார்ப்பவருக்குத் தெரியாது. வீட்டில் எல்லாரும் நம்பிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்ஓ வலுவானது. ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீருக்கு அது தேவை. உப்பு குறைவான தண்ணீருக்கும் அதையே தலையில் கட்டினால், ஒரு லிட்டர் குடிக்கப் பல வீடுகளில் மூன்று லிட்டர் வரை சாக்கடைக்குப் போகிறது.

எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். உப்பு குறைவு, ரசாயனம் எதுவும் அளவு மீறவில்லை. பாக்டீரியா மட்டும் இருந்தது. கொதிக்க வைத்தாலே தீர்ந்துவிடும் பிரச்சினை. புறஊதா வடிகட்டி ஒன்று மாட்டிக்கொண்டோம். வந்தவர் விற்கப் பார்த்ததோ ஆர்ஓ.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு, வடிகட்டியும் விளக்கும் மாற்ற வேண்டிய தேதியைப் பெட்டியின் மேல் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்