பன்னியப் பாக்க துட்டு கட்டின கதை

தாயி மாரி,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா, குட்டி ஸ்கூலுக்கு அழாம போகுதா. இங்க ஐப்பசி மழை நேத்து ராத்திரி ஒரு உழவு பேஞ்சுது, வாசல்ல கால வச்சா கரிசல் முழங்கால் வரைக்கும் ஏறுது, அதான் எங்கயும் போகாம திண்ணையில உக்காந்து டைப் பண்றேன். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல தமிழ் கீபோர்ட் போட்டுக் குடுத்துட்டான், தப்பு வந்தா திருத்திப் படிச்சுக்கோ.

டெய்லி வீடியோ கால்ல பேசுறோம்தான் ஆனா ஒரு விஷயத்தை மட்டும் நான் உன்ட்ட சொல்லவே இல்ல. மே மாசக் கடைசியில, நான் இங்கிலாந்துல உன்கூட இருந்தப்போ, நீ என்னைய அங்க இருக்கிற அந்த நெப் பண்ணைக்கு மூணு நாள் டூர் அனுப்பினல்ல, திரும்பி வந்தப்போ எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்ட, நான் "ம்ம் நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன். கோவம் தாயி. ரெண்டு பேருமா போறோம்னு சொல்லித்தான் புக் பண்ணுன, கடைசி நிமிஷத்துல டூட்டி போட்டுட்டாங்கன்னு என்னைய மட்டும் கார்ல கொண்டு போயி இறக்கிட்டு வந்துட்ட. இங்கிலீஷு பாதி புரியும் பாதி புரியாது, முன்னப்பின்ன தெரியாத ஏழு வெள்ளைக்காரங்க, சேலைக்கு மேல உன் ஜாக்கெட்டு, கால்ல உன் பச்ச கலர் ரப்பர் பூட்ஸ். கண்ணாடி இல்லாததே நல்லதாப் போச்சு.

அதுவும் எதுக்குப் போயிருக்கோம்? பன்னியப் பாக்க! வருஷம் பூரா நம்ம மக்காச்சோளத்துக்குப் பன்னிக்காவல் காத்தே என் இடுப்பு போச்சு. சலூன்ல முடி வாங்கிட்டு வந்து வரப்பு ஓரம் தூவி, பழைய சேலை பூராத்தையும் வேலியாக் கட்டி, பரண்ல உக்காந்து தகரத்தைத் தட்டி, அப்படியும் ஒரே ராத்திரியில அரை ஏக்கரைச் சாச்சுட்டுப் போயிரும். எம்மக சம்பாதிச்ச பவுண்டைக் கட்டி அதே பன்னியக் கொண்டு வந்து காட்டுறாளேன்னு எனக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியல.

மொத நாள் பழைய ஆர்மி வண்டி ஒண்ணுல ஏத்துனாங்க, ஆறு சக்கரம், மேல திறந்தது, நம்மூரு மினி பஸ்ஸே தேவல. கைடு பொண்ணுக்கு உன் வயசு இருக்கும், நான் முழிக்கிறதைப் பாத்துட்டு எனக்காக மெதுவாப் பேசுச்சு. வண்டி போகப்போக ரெண்டு பக்கமும் முள்ளுப் புதர், களை, முட்டு முட்டா புல்லு. இது என்னடா தரிசு, இதையா காட்டுறாங்கன்னு நெனச்சேன். நம்ம பக்கம் காடுன்னா வெள்ளாம நிலம், அதை இப்படிப் போட்டு வச்சா ஊரே காறித் துப்பும். அங்கயும் துப்பியிருக்காங்களாம்! பக்கத்து ஊர்க்காரங்கள்லாம் லெட்டர் மேல லெட்டர் எழுதிருக்காங்க, நல்ல நிலத்தை இப்படிக் கெடுக்குறீங்களே, உங்க களை விதை எங்க காட்டுக்குல்ல வருதுன்னு. அதைக் கேட்டதும்தான் நான் நிமிந்து உக்காந்தேன். ஊரு வாய் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

அந்த நிலம் 3500 ஏக்கர், ஒரே குடும்பத்துது, நடுவுல கோட்டை மாதிரி வீடு, நம்ம எட்டயபுரம் ஜமீன் மாதிரின்னு வச்சுக்கோ. சார்லி பர்ரெல்னு ஒருத்தர், அவர் சம்சாரம் இசபெல்லா ட்ரீ. 1987ல தாத்தா பாட்டிட்ட இருந்து அவர் கைக்கு வந்திருக்கு. நல்லாப் படிச்ச பையன், புது மெஷின், பால் மாடு, உரம், என்னென்னமோ போட்டுப் பாத்திருக்கார், அப்பவும் நஷ்டம். என்ன காரணம்னா மண்ணு. கைடு ஒரு எடத்துல வண்டிய நிப்பாட்டி மண்ணை அள்ளி ஒவ்வொருத்தர் கையிலயும் வச்சுது, நான் ரெண்டு விரல்ல உருட்டிப் பாத்தேன், அப்படியே நம்ம கரிசல் தாயி, நிறம் மட்டும் வேற. களி. மழை பேஞ்சா டிராக்டர் இறங்காது, கோடையில கை நுழையுற மாதிரி வெடிச்சுரும். வேலை செய்யக் கிடைக்கிற நாளு ரொம்பக் கம்மி, அதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும். இதை அது இங்கிலீஷ்ல சொல்லுது, எனக்கு ஒரு வார்த்தை கூட விடாம புரியுது! நான் தலைய ஆட்டுறதைப் பாத்து பக்கத்துல இருந்த அம்மா நீங்களும் விவசாயியான்னு கேட்டுச்சு. எஸ்ஸுன்னேன். அதுக்கப்புறம் என்னைய நடு சீட்டுல உக்கார வச்சுட்டாங்க.

2000ல மாடு, மெஷின் எல்லாத்தையும் வித்துட்டு விவசாயத்தை நிப்பாட்டியிருக்கார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்வேலிய எடுத்துட்டு, வெளியில மட்டும் வேலி போட்டு, கொம்பு நீளமான பழைய நாட்டு மாடு, எக்ஸ்மூர்னு ஒரு மட்டக் குதிரை, மான், பன்னி எல்லாத்தையும் உள்ள விட்டுட்டாரு, அதுக இஷ்டத்துக்கு மேயட்டும், கிண்டட்டும், ஒடிக்கட்டும்னு. காட்டுப்பன்னியவே விடத்தான் நெனச்சாங்களாம், ஆபத்தான மிருகம்னு சட்டம் இடம் குடுக்கல, அதனால டாம்வொர்த்னு செம்பட்ட முடி உள்ள வளப்புப் பன்னி. பன்னிக்குத் தெரியாம ஒரு எடத்துல அடங்கி நிக்கச் சொல்லிக் காட்டுனாங்க. ஒரு தாய்ப் பன்னி, பின்னாடி ஆறேழு குட்டி, மூக்கை ஏர் மாதிரி மண்ணுல விட்டு நெம்பிக்கிட்டே போகுது. எனக்குக் கை தானா தகரத்தைத் தேடுச்சு, பொய் சொல்லல.

ஆனா அந்தக் கைடு புள்ள சொன்னது பாரு. பன்னி கிண்டிப் போட்ட ஈர மண்ணுலதான் சாலோன்னு ஒரு செடியோட விதை விழுந்து முளைக்குதாம், அந்த எலையத்தான் பர்ப்பிள் எம்பரர்னு ஒரு பட்டாம்பூச்சியோட புழு திங்குமாம், அது இங்கிலாந்துலயே ரொம்ப அபூர்வம், இப்ப அந்த நாட்டுலயே அங்கதான் ஜாஸ்தின்னு சொல்றாங்க. அதுக்கு ஜூன் கடைசி ஜூலையில வரணுமாம், அதனால நாங்க பாக்கல. அந்தப் பன்னிக குளத்துக்குள்ள முங்கிச் சிப்பி எடுத்துத் திங்குமாம், அதைக் கேட்டு நான் ஆத்தாடின்னு சத்தமாவே சொல்லிட்டேன்.

இன்னொரு எடத்துல முள்ளுப் புதருக்கு நடுவுல ஒரு சின்ன ஓக் கன்னு. ஜேன்னு ஒரு பறவை அணில் மாதிரி ஓக் கொட்டையக் கொண்டு போயி மண்ணுல புதைச்சு வைக்குமாம், கொஞ்சத்தை மறந்துரும், அது முளைச்சு வரும்போது சுத்தி முள்ளு இருக்கிறதால மானு மாடு கடிக்க முடியாது. முள்ளுதான் ஓக்குக்கு ஆத்தான்னு அங்க பழமொழியே இருக்காம். நான் இது எங்களுக்குத் தெரியுமேன்னு சொல்ல வாயெடுத்தேன், இங்கிலீஷு வரல. நம்ம ஓடைக்கரையில நிக்கிற வேம்பு யாரு நட்டது? காக்கா எச்சத்துல விழுந்து உடைமுள்ளுக்குள்ள இருந்து வந்ததுதான, ஆடு வாய் வைக்க முடியாமத்தான் மரமாச்சு.

நாரைய மறந்துட்டேன் பாரு. காஞ்ச ஓக் மரத்து உச்சியில கட்டில் அகலத்துக்குக் கூடு, அதுல நிக்குது நம்ம செங்கால் நாரை. சின்ன வயசுல மனப்பாடச் செய்யுள்ல படிச்சதோட சரி, காலும் அலகும் அம்புட்டுச் செவப்பு. அதுக்குக் கூவத் தெரியாது, தலையப் பின்னால சாச்சு அலகை டக டகன்னு தட்டுது, கட்டவண்டி அச்சு தட்டுற மாதிரி. போலந்துல இருந்து அடிபட்ட பறவைகளைக் கொண்டு வந்துதான் ஆரம்பிச்சிருக்காங்க, 2020ல அங்க குஞ்சு பொரிச்சுதாம். அதுக்கு முன்னாடி பிரிட்டன்ல நாரை தானாக் கூடு கட்டினதா எழுத்துல இருக்கிறது 1416லயாம். அறுநூறு வருஷம்! அந்தக் கணக்கைச் சொன்னதும் கூட வந்த பெரியவர் ஒருத்தர் தொப்பியக் கழட்டிட்டாரு.

அன்னிக்கு ராத்திரிதான் நான் உன்ட்ட சொல்ல நெனச்சது. சக்கரம் வச்ச மரக் குடிசையில படுக்கை, ஆட்டுக்காரங்க அந்தக் காலத்துல கிடையோட இழுத்துட்டுப் போறது, நம்ம கீதாரிக வச்சிருக்கிற கூடு மாதிரிதான், என்ன உள்ள மெத்தையும் அடுப்பும் இருக்கு. பத்தரை மணிக்குக் கதவைத் தட்டிக் கூப்பிட்டாங்க, நைட்டிங்கேல் குருவி பாடுறதைக் கேக்கப் போறோம்னு. லைட் போடக்கூடாது, பேசக்கூடாது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நடந்து போயி முள்ளுப் புதர் ஓரமா நின்னோம். குளிரு. நான் கோவில்பட்டி கடலமிட்டாயை வாயில போட்டு அடக்கிக்கிட்டேன், கடிச்சா சத்தம் வரும்ல. முன்னாடி ஒரு நீள விசிலு, அப்புறம் சலங்கைய உலுக்குன மாதிரி, அப்புறம் ஒண்ணுமே இல்ல, நாம முடிஞ்சதுன்னு நெனைக்கும்போது திரும்ப ஆரம்பிக்குது. குருவி கண்ணுக்கே தெரியல, குட்டியூண்டு பழுப்புக் குருவியாம்.

ராத்திரி காட்டுல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கிறது எனக்கு இருபது வருஷப் பழக்கம் தாயி. உங்க அப்பா போனதுல இருந்து தனியாத்தான் போறேன். சருகு சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்குங்கும், கையில டார்ச்சு, மடியில தகரம். அன்னிக்கு வெறுங்கையோட நின்னேன். பக்கத்துல நின்ன அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, எப்போ புடிச்சுதுன்னே தெரியல. திரும்பி வந்து படுத்தா தூக்கம் வரல, நீ போன வருஷம் போட்ட சண்டைதான் ஞாபகம். "மக்காச்சோளத்துல என்னம்மா மிச்சம், விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து, பன்னி தின்னது போக என்ன வந்துச்சு, 63 வயசுல பரண்ல ஏறிக் கெடக்கணுமா, விட்டுத் தொலை"ன்னு கத்துன. நான் பதிலுக்கு என்ன சொன்னேன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத வேண்டாம். நிலத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டதுதான் அதுல சின்ன வார்த்தை.

பெத்த மக சொன்னப்போ ஏறல, வெள்ளைக்கார ஜமீன் நிப்பாட்டினாருன்னதும் ஏறுது, என்ன புத்தியோ.

மறுநாள் டர்டில் டவ்னு ஒரு புறா சத்தம் கேட்டு எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க, ஒரு பொண்ணு கண்ணைத் தொடைக்குது. அந்த நாட்டுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அழிஞ்சு போச்சாம், என் கல்யாணத்தப்போ இருந்ததுக்கு இப்ப பத்துல ஒண்ணு கூட இல்ல. எனக்கு நம்ம கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்திருக்கிற கள்ளிப்புறா ஞாபகம் வந்துச்சு, நின்னு கேட்டதே இல்ல.

எல்லாத்தையும் அப்படியே நம்பிட்டேன்னு நெனைக்காத. மான் மாடு பெருகுனா என்ன பண்ணுவீங்கன்னு அந்தம்மாவை விட்டுக் கேக்கச் சொன்னேன், ஓநாய் இல்லல்ல, அதனால வருஷா வருஷம் கழிச்சு இறைச்சியா விக்கிறாங்க, உசுரெடையில 75 டன் வருமாம். டென்ட்டு, குடிசை, எங்கள மாதிரி டூர்க்காரங்க குடுக்கிற துட்டு வேற, கவர்மென்ட் காசும் கிடைச்சிருக்கு. 3500 ஏக்கர் இருக்கிறவன் கைய விடலாம், அஞ்சு ஏக்கர்க்காரி விட்டா கஞ்சிக்கு என்ன பண்றது? இங்க சும்மா விட்டா சீமைக்கருவேலந்தான் வந்து உக்காரும், ஓக் வராது. இங்க காட்டுப்பன்னி காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டிட்டா ஃபாரஸ்ட்காரங்களே சுடலாம்னு 2025ல ஆர்டரே வந்தாச்சு, அங்க துட்டு கட்டிப் பாக்குறாங்க, ரெண்டும் அவங்கவங்க வயித்துக் கதை.

அதனால நான் பண்ணுனது இவ்வளவுதான். மேல்காடு மூணு ஏக்கர்லயும் புரட்டாசியில உளுந்தும் பாசியும் போட்டாச்சு. ஓடைக்காடு ரெண்டு ஏக்கர்ல இந்த வருஷம் மக்காச்சோளம் விதைக்கல. சீமைக்கருவேலத்தை மட்டும் ஆள் விட்டுத் தூரோட எடுத்துட்டு, உடைமரம், வேம்பு எதையும் தொடாதீங்கன்னுட்டேன். ஆட்டுக் கிடை போட கீதாரிட்ட சொல்லிருக்கேன். உன் சித்தப்பா வந்து, "என்ன மதினி, லண்டன் போயிட்டு வந்ததும் நிலத்தை மறந்தாச்சா"ன்னாரு. ஆமான்னுட்டேன்.

அதிசயம் ஒண்ணும் நடக்கல. ஆனா போன வாரம் காலையில போனா பன்னி வந்து ஒரு மூலைய உழுது போட்டிருக்கு. பக்கத்துல போயிப் பாத்தா பூராம் கோரைக்கிழங்கு, நோண்டி நோண்டித் தின்னுருக்கு. அந்தக் கோரைய எடுக்கத்தான் வருஷா வருஷம் நாலு ஆளு கூலி குடுத்துக்கிட்டு இருந்தேன்! வரப்புல உக்காந்து தனியாச் சிரிச்சேன், யாரும் பாக்கல.

பரணைப் பிரிச்சு கம்பு பூராம் வீட்டுல அடுக்கியாச்சு. ராத்திரி வீட்டுலதான் படுக்கேன், நீ பயப்படாத.

அந்தப் பச்ச பூட்ஸை யாருக்கும் தூக்கிக் குடுத்துராத. வர்ற ஜூலைக்கு அந்தப் பட்டாம்பூச்சியப் பாக்கணும், நீயும் வரணும். மொதல்ல லீவ் சாங்ஷன் ஆன மெசேஜை எனக்கு அனுப்பு, அப்புறம் டிக்கெட் போடு.

அம்மா