டிரான்ஸ்ஃபார்மர் கட்அவுட் மாட்டியாச்சு, நன்றி!

என் 110 வோல்ட் டிரில்லுக்கான டிரான்ஸ்ஃபார்மரில் (230 வோல்ட்டை 110 ஆகக் குறைப்பது) ஓவர்லோடு கட்அவுட், அதாவது சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பட்டன், அழுத்தினால் நிற்காமல் தொளதொளவென்று ஆடியது, அதன் மேல் அச்சடித்திருந்த எண்ணும் சூட்டில் கருகிப் படிக்க முடியவில்லை. எத்தனை ஆம்பியர் வாங்குவது என்று முழித்தபோது, பெயர்கூடச் சொல்லாமல் வழிகாட்டியவரே, ரொம்ப நன்றி. முதலில் அது எந்தப் பக்கத்து வயரில் இருக்கிறது என்று பாருங்கள் என்றீர்களே, விஷயமே அதில்தான் இருந்தது: டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 3 கேவிஏ என்றால் 230 வோல்ட் பக்கம் சுமார் 13 ஆம்பியர், 110 பக்கம் 27, நான் பாட்டுக்குப் பெரியதை வாங்கி 230 பக்கம் மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிய பிறகுதான் அது மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அப்புறம் கட்அவுட் பொருந்தும் துளையின் விட்டத்தையும் அளக்கச் சொன்னீர்கள் (சோம்பலில் விட்டிருப்பேன்). இப்போது டிரில் கான்கிரீட்டில் சிக்கித் திணறினால் பட்டன் டக்கென்று வெளியே வருகிறது, ஆறியதும் அழுத்தினால் சமர்த்தாக நிற்கிறது.