வானமா, கூரையா?

காட்பாடி

அன்புள்ள தாமோதரா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு இரண்டு வரி, டகோட்டா என்ற பழைய ராணுவப் போக்குவரத்து விமானத்துக்கு நான்கு பக்கம். டாக்டரிடமும் இப்படித்தான் பேசுவாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் நலம். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். விமானப் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று மகள் விழித்தபோது உன் பெயரைச் சொன்னேன். போன் வரும், அலுத்துக்கொள்ளாதே.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். பழைய போர்விமானங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்தாமல் பறக்கவிட வேண்டும், பறக்காதது வெறும் தகரம் என்கிறாய். அதற்குச் சாட்சியாக நம் ஜலகண்டேஸ்வரரையே இழுத்திருக்கிறாய். 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வேலூர்க் கோட்டைக்குள் வரும்வரை அது தூண் பார்க்கப் போகும் இடம், விளக்கெரிந்த பிறகுதான் கோயில் என்று. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் அது அணையும், அவ்வளவுதான்; சாலையில் போகிறவன் தலையில் கோபுரம் விழுவதில்லை. 2015-இல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஹன்டர் என்ற பழைய போர்விமானம் ஒன்று சாகசம் காட்டும்போது நெடுஞ்சாலையில் விழுந்து பதினொரு பேர் இறந்தார்கள். அங்கே குற்றம் விமானத்தின் வயதில் இல்லை, வளையம் போடப் போதிய உயரமும் வேகமும் இல்லை என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் இறந்தவர்களில் யாரும் அந்த விமானத்தில் இருந்தவர்கள் அல்லர்.

டகோட்டா விஷயத்தில் மட்டும் உன்னோடு எனக்குச் சண்டையில்லை. பரசுராமா என்ற பெயரோடு 2018-இல் பிரிட்டனிலிருந்து பறந்தே வந்து நம் விமானப் படையில் சேர்ந்ததே, அது பறக்கட்டும். அது தாங்கியிருக்கும் விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் முதலில் இறக்கிய டகோட்டாவுடையது. எண்தான் அதனுடையது, உடல் வேறு. அதனால்தான் எனக்குக் கவலையில்லை. ராணுவத்துக்கென்று மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் செய்த ரகம். உலகம் முழுக்க உதிரிபாகமும் உண்டு, தெரிந்த ஆளும் உண்டு. ஒரு ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் அதை மேலே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

நீ எழுதியதில் என்னை உண்மையாகவே அசைத்தது லிபரேட்டர் கதைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்கள், இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன குண்டுவீச்சு விமானங்கள். அவற்றை உங்கள் ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலையின் மூத்தவர்கள் தேற்றியெடுத்துப் பறக்கவிட்டு, 1968 வரை நம் விமானப் படையில் ஓட்டியிருக்கிறார்கள். இன்று டெல்லி பாலத்திலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் வரிசையில் நின்று பார்க்கும் லிபரேட்டர்களில் சில நம்மிடமிருந்து போனவை. அத்தனை காலம் பறந்ததால்தான் அவை பிழைத்தன. இல்லாவிட்டால் எப்போதோ பாத்திரமாகியிருக்கும். இதை நீ முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், கோயிலை விட்டுவிட்டு.

அப்படி அமெரிக்கா போனவற்றில் ஒன்றை மறுபடி பறக்கவைத்த அதே அமைப்பின் பி-17 என்ற பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று, 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் விழுந்தது. இரண்டு விமானிகளும், காசு கொடுத்து ஏறிய ஐந்து பயணிகளும் போனார்கள். பராமரிப்பில் குறை இருந்ததாக விசாரணையில் வந்தது. தெரிந்தே உயிரைப் பணயம் வைக்கும் விமானி ஏறட்டும். டிக்கெட் விற்று ஆளை ஏற்றுவது வேறு சங்கதி.

பிரிட்டனின் வல்கன் என்ற பழைய குண்டுவீச்சு விமானம் 2015-இல் பறப்பதை நிறுத்தியது ஏன் என்று உனக்கு நினைவிருக்கும். அதற்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் இனி எங்களால் முடியாது என்று விலகிக்கொண்டன. அந்த வேலை தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். தகரத்துக்கு முன்னால் கைகளுக்கு வயதாகிவிடுகிறது, தாமோதரா. பறக்கவிடுவதில் எனக்குத் தெரியும் ஒரே பெரிய லாபம், இளையவன் ஒருவன் கிழவன் பக்கத்தில் நின்று அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டிவருகிறது என்பதுதான். அருங்காட்சியகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. தூசி தட்டினால் போதும்.

அதைக்கூட நாம் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது என் ஆற்றாமை. நான் அரக்கோணம் பள்ளியில் இருந்தபோது ராஜாளிக் கடற்படைத் தளத்து டியூ-142 ரோந்து விமானம் மேலே போனால் பாடத்தை நிறுத்திவிடுவேன். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. கரும்பலகைக்குப் பின்னால் சுவரே முனகும். இயற்பியலில் அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. 2017 மார்ச்சில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம். அதை யாரும் மறுபடி பறக்கவிடப் போவதில்லை, தேவையும் இல்லை. ஆனால் உப்புக்காற்று அலுமினியத்தை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? ஊரூருக்குக் கம்பத்தில் குத்திவைத்த மிக்-21களும் வெயிலில் வெளுக்கின்றன, மழையில் நனைகின்றன. வெள்ளைக்காரர்கள் வானமா அருங்காட்சியகமா என்று விவாதிக்கட்டும். நமக்கு முதலில் கூரை வேண்டும்.

உன் சர்வீஸ் நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறாயா? எந்த மூட்டு எப்போது இளகும், எந்தச் சத்தம் எதற்கு அறிகுறி என்று பென்சிலில் கிறுக்கியிருப்பாயே, அவற்றைத்தான் கேட்கிறேன். பழைய பேப்பர்காரனிடம் போடும் எண்ணம் இருந்தால் இங்கே அனுப்பிவிடு. பேத்தி படிப்பாள், புரியாததைக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்வாள்.

முழங்கால் தேறியதும் எழுது. காட்பாடியிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ரயில் இருக்கிறது. உனக்குக் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
ஏகாம்பரம்